உச்ச நேரத்தில் உறைந்துபோகும் நிறுவனச் செயலி: மைக்ரோசர்வீஸ்களாகப் பிரிப்பதுதான் தீர்வா?

கேள்வி (உள்பயன்பாட்டுக் குழு)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் நிறுவனத்தின் கொள்முதல் ஒப்புதல்களைக் கையாளும் வலைச்செயலி ஒன்றைப் பராமரிக்கும் சிறு குழுவில் பணியாற்றுகிறேன். ஜாவா 8, ஸ்பிரிங் பூட் 2.1, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட்ட இச்செயலி பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பயனர்களின் அழைப்புகளைப் பங்கிட்டுத் தரும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர்கள் உள்ளன. துறைகள் கோரிக்கைகளைப் பதிவுசெய்கின்றன. மேலாளர்கள் ஒப்புதல் அளிக்கிறார்கள். ஒப்புதல் கிடைத்ததும் நிதிப் பிரிவின் செயலிக்கு ஏபிஐ (செயலிகள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) வழியாகத் தகவல் போகிறது. தொடர்புடையவர்களுக்கு மின்னஞ்சல் செல்கிறது. இதன் வேலை இவ்வளவுதான்.

சில மாதங்களாக, பயன்பாடு உச்சத்தில் இருக்கும் மாத இறுதி நாட்களில் செயலி உறைந்து நின்றுவிடுகிறது. பயனரின் திரையில் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் கழித்து 504 பிழை (உரிய நேரத்தில் பதில் கிடைக்கவில்லை என்பது) வரும். முதலில் ஒரு சர்வரை லோட் பேலன்சர் விலக்குகிறது; சில நிமிடங்களில் அடுத்தது, பிறகு அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாக விழுகின்றன. அந்த நேரத்தில் சிபியு பயன்பாடு 15 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. நினைவகமும் இயல்பாகவே இருக்கிறது. 30,000 மில்லிவினாடி காத்திருந்தும் தரவுத்தள இணைப்பு கிடைக்கவில்லை என்ற ஹிகாரி பூலின் (தரவுத்தள இணைப்புகளைத் திறந்துவைத்துப் பகிர்ந்தளிக்கும் நூலகத்தின்) பிழைச்செய்தி மட்டும் லாகில் (செயலியின் பதிவேட்டில்) நூற்றுக்கணக்கில் நிரம்பியிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது; ஆனால் அன்றே மீண்டும் வருகிறது.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. பக்கம் நகராததால் மேலாளர்கள் ஒப்புதல் பொத்தானை மறுபடியும் அழுத்துகிறார்கள். சில கோரிக்கைகள் நிதிச் செயலிக்கு இரண்டு முறை போய்விட்டன. அவற்றைக் கண்டுபிடித்துக் கையால் நீக்க வேண்டியதாயிற்று.

‘ஒரே பெரிய செயலியாக இருப்பதால்தான் இந்தச் சிக்கல், மைக்ரோசர்வீஸ்களாகப் (தனித்தனியே இயங்கும் சிறு செயலிகளாகப்) பிரித்துப் புதிதாக எழுதிவிடலாம்’ என்பது மேலிடத்தின் எண்ணம். பெரும் உழைப்பைக் கோரும் அந்த முடிவை எடுப்பதற்கு முன், இதன் மூலகாரணத்தை எப்படிக் கண்டறிவது என்றும், பிரிப்பது உண்மையில் பலன் தருமா என்றும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1 (நெடுநாள் வாசகர்)

ஹிகாரியின் இயல்பான பூல் அளவு 10 இணைப்புகள்தான். செயலியை ஓட்டும் வலைச் சர்வரான டாம்கேட்டின் த்ரெட் (ஒரு நேரத்தில் ஒரு வேலையைக் கவனிக்கும் இழை) எண்ணிக்கையோ இயல்பாக 200. இருநூறு த்ரெட்கள் பத்து இணைப்புகளுக்குப் போட்டியிட்டால் நெரிசல் ஏற்படத்தான் செய்யும். பூலின் அளவை 100 ஆக உயர்த்திப் பாருங்கள். எங்கள் செயலியில் அவ்வாறு செய்த பிறகு இந்தப் பிழைச்செய்தி வருவதில்லை.

மறுமொழி 2 (பின்தள நிரலர்)

மேலே கூறப்பட்ட மாற்றத்தை உடனே செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கு சர்வர்களுக்கும் தலா 100 என்றால் 400 இணைப்புகள் ஆகின்றன. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிக்கும் மொத்த இணைப்புகளே 100தான். அந்த வரம்பை உயர்த்தினாலும், அது ஒவ்வோர் இணைப்புக்கும் தனி புராசஸ் (இயங்கும் நிரல்) ஒன்றை ஓட்டுவதால், சுமை உங்கள் செயலியிலிருந்து தரவுத்தளத்துக்கு இடம் மாறுமே தவிரக் குறையாது. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய புராசஸும் புதிய புராசஸும் சிறிது நேரம் சேர்ந்து ஓடும் அமைப்பாக இருந்தால், அந்த இடைவெளியில் எண்ணிக்கை இரட்டிப்பாகவும் கூடும். சில செயலிகளில் பூலைப் பெரிதாக்கினால் பிழைச்செய்தி மறைவது உண்மைதான். ஆனால் இணைப்பை யார், எதற்காக, எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் அளவை மாற்றினால், சிக்கல் வேறொரு நாளில் இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

நீங்கள் தந்த விவரங்களில் மிக முக்கியமானது சிபியு 15 விழுக்காடு என்பதுதான். செயலி திணறவில்லை, சும்மா காத்திருக்கிறது. ஆகவே எதற்காகக் காத்திருக்கிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் பயன்பாட்டில் இருக்கும் என்பது, ஒரு வினாடிக்கு வரும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு கோரிக்கையும் இணைப்பை வைத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசைக் கோட்பாட்டு விதி இது. வினாடிக்கு 40 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் 50 மில்லிவினாடி இணைப்பை வைத்திருந்தால் சராசரியாக 2 இணைப்புகள் போதும். 10 என்பது தாராளம். அதே 40 கோரிக்கைகள், ஏதோ ஒரு காரணத்தால் தலா 2 வினாடி வைத்திருந்தால் 80 இணைப்புகள் தேவைப்படும். பயனர் எண்ணிக்கை மாறவே இல்லை. வைத்திருக்கும் நேரம் மட்டுமே மாறியது. உங்கள் செயலியில் நிகழ்வது இதுவாகத்தான் இருக்கும் என்று கருதுகிறேன்.

அதை உறுதிசெய்ய, அடுத்த முறை உறையும்போது ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஜேஸ்டாக் கருவியைக் கொண்டு த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் அக்கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். ஒன்று போதாது, சில வினாடி இடைவெளியில் மூன்று எடுத்தால்தான் நகர்கின்ற த்ரெட் எது, ஒரே வரியில் நிற்கின்ற த்ரெட் எது என்று பிரித்தறிய முடியும். ரீஸ்டார்ட் செய்த மறுகணமே அந்தச் சான்றுகள் அனைத்தும் அழிந்துவிடுகின்றன என்பதால், பயனர்கள் இன்னும் இரண்டு நிமிடம் காத்திருந்தாலும் பரவாயில்லை, டம்ப்பை எடுத்துவிட்டே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டம்ப்பைப் படிக்கும்போது ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். இணைப்புக்காக வரிசையில் நிற்கும் த்ரெட்கள் ‘டைம்டு வெயிட்டிங்’ நிலையில் தெரியும். அவை பாதிக்கப்பட்டவை மட்டுமே. எண்ணிக்கையில் அதிகமாக இருப்பதால் கண்ணில் முதலில் படும். இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து பதில் வருவதற்காகக் காத்திருக்கும் த்ரெட்களோ, ஜாவா 8-இல் ‘சாக்கெட்ரீட்0’ என்ற வரியில் நின்றாலும், நிலை ‘ரன்னபிள்’ என்றே காட்டும். இயங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அவற்றைக் கடந்துபோவது எளிது. நீங்கள் தேடுவது அந்தச் சிலவற்றைத்தான். அவற்றின் ஸ்டாக்கில் (ஒன்றையொன்று அழைத்த செயற்கூறுகளின் அடுக்கில்) கீழ்நோக்கிப் படித்துக்கொண்டே போனால், உங்கள் குழு எழுதிய எந்த மெத்தட் (செயற்கூறு) அந்த அழைப்பைத் தொடங்கியது என்று தெரிந்துவிடும்.

சர்வர்கள் ஒவ்வொன்றாக விழுவதற்கும் ஒரு காரணம் ஊகிக்க முடிகிறது. செயலியின் நலத்தைச் சொல்லும் ஸ்பிரிங் பூட் ஆக்சுவேட்டரின் பொதுவான ஹெல்த் செக் முகவரியை லோட் பேலன்சரில் கொடுத்திருக்கிறீர்களா? தரவுத்தளம் இருக்கும் செயலியில் அது இயல்பாகவே தரவுத்தளத்தையும் சோதிக்கும்; அதற்கு அதே பூலிலிருந்து ஓர் இணைப்பு வேண்டும். பூல் காலியாக இருக்கும்போது ஹெல்த் செக்கும் வரிசையில் நின்று தோற்கிறது. லோட் பேலன்சர் அந்தச் சர்வரை விலக்குகிறது. அதன் பங்குச் சுமை மீதமுள்ள மூன்றின்மீது விழுகிறது. அவற்றில் பலவீனமானது அடுத்து விழுகிறது. நான்கு சர்வர்களுக்கும் பொதுவான ஒன்று மெதுவாகும்போது, அதைக் காரணம் காட்டிச் சர்வர்களை விலக்குவதால் எந்தப் பயனும் இல்லை. லோட் பேலன்சர் பார்க்கும் முகவரி, அந்தப் புராசஸ் உயிருடன் இருக்கிறதா என்பதை மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி கேட்டவரின் பதில்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் கூறியபடியே டம்ப் எடுத்தோம். ஒரு சர்வரின் 200 த்ரெட்களில் பெரும்பாலானவை ஹிகாரியிடம் இணைப்பு கேட்டு நின்றிருந்தன. இணைப்பு கையில் இருந்த பத்தில் எட்டு த்ரெட்கள், மூன்று டம்ப்களிலும் ஒரே ‘சாக்கெட்ரீட்0’ வரியில் அசையாமல் நின்றன. நிதிச் செயலியின் ஏபிஐயாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தோம். ஆனால் அந்த எட்டும் மின்னஞ்சல் சர்வருடனான எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை) உரையாடலில் நின்றிருந்தன. மாத இறுதியில் மற்றப் பிரிவுகளின் மொத்த அறிவிப்புகளும் அதே மின்னஞ்சல் சர்வர் வழியாகப் போவதால் அது பதில் தரத் தாமதிக்கிறது என்று அதைப் பராமரிப்பவர்கள் கூறுகிறார்கள்.

ஒப்புதல் மெத்தட் முழுவதும், எல்லாம் சேர்ந்து நிறைவேறும் அல்லது எல்லாம் சேர்ந்து ரத்தாகும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்கிறது: அட்டவணையில் கோரிக்கைக்குரிய வரிசையை (பதிவை) வேறெவரும் மாற்றாதபடி பூட்டி எடுக்கிறது, நிலையை மாற்றுகிறது, வரலாற்று அட்டவணையில் எழுதுகிறது, நிதி ஏபிஐயை அழைக்கிறது, மின்னஞ்சல்களை அனுப்புகிறது, கடைசியில் கமிட் செய்கிறது (மாற்றங்களை நிலையாகப் பதிகிறது).

இன்னொன்றும் தெரியவந்தது. எப்போதும் கடைசியாக விழும் சர்வர் ஒன்று உண்டு. அதன் அமைப்புக் கோப்பில் மட்டும் மின்னஞ்சலுக்கு 5 வினாடி டைம்-அவுட் (காத்திருப்பு வரம்பு) கொடுக்கப்பட்டிருக்கிறது. யாரோ எப்போதோ நேரடியாக அந்தச் சர்வரில் சேர்த்திருக்க வேண்டும். கோட் (நிரல்) களஞ்சியத்தில் அது இல்லை.

ஹெல்த் செக் பற்றிய ஊகமும் சரியே. இப்போது மற்ற மூன்று சர்வர்களிலும் அந்த 5 வினாடியைச் சேர்த்துவிட்டால் போதுமா?

மறுமொழி 3 (பின்தள நிரலர்)

முதல் உதவியாக இன்றே சேர்த்துவிடுங்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பும் நூலகமான ஜாவாமெயிலில் இணைப்பு ஏற்படுத்துவது, படிப்பது, எழுதுவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனி டைம்-அவுட் உண்டு. மூன்றுமே இயல்பாக வரம்பற்றவை. கொடுக்காவிட்டால் எதிர்முனை பதில் தரும்வரை த்ரெட் காத்துக்கொண்டேயிருக்கும். மூன்றையும் கொடுங்கள். நிதி ஏபிஐயை ஸ்பிரிங்கின் ரெஸ்ட்டெம்ப்ளேட் வகுப்பின் மூலம் அழைக்கிறீர்கள் என்றால் அதையும் சரிபாருங்கள்: அதன் அடியில் இயல்பாக இருக்கும் ஜாவாவின் பழைய எச்டிடிபி வகுப்புக்கும் டைம்-அவுட் இயல்பாகக் கிடையாது. இன்று மின்னஞ்சல் மாட்டியது. அந்த ஏபிஐ மெதுவாகும் நாளில் இதே காட்சி மறுபடியும் நடக்கும். ரீட் டைம்-அவுட் என்பது முழு அழைப்புக்கான வரம்பு அன்று, ஒவ்வொரு படிப்புக்கும் இடையிலான காத்திருப்புக்கான வரம்பு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எதிர்முனை சிறிது சிறிதாக அனுப்பிக்கொண்டே இருந்தால் 5 வினாடி டைம்-அவுட் உள்ள அழைப்பு ஒரு நிமிடம்கூட நீடிக்கலாம்.

உண்மையான திருத்தம், டிரான்ஸாக்‌ஷனுக்குள் தரவுத்தளத்தைத் தவிர வேறு எவருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்பதுதான். உங்கள் மெத்தட்டின் படிகள் அமைந்த ஒழுங்கில் இன்னொரு ஆபத்தும் உள்ளது. நிதிச் செயலிக்குத் தகவல் போய், மின்னஞ்சலும் சென்ற பிறகு கமிட் தோற்றுப்போனால், உங்கள் தரவுத்தளத்தில் ஒப்புதல் இல்லை, வெளியுலகில் இருக்கிறது. இத்தகைய முரண்பாட்டைப் பின்னால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இதற்கு அவுட்பாக்ஸ் என்ற முறையைப் பரிந்துரைக்கிறேன். ஒப்புதல் டிரான்ஸாக்‌ஷனுக்குள், ‘இந்தக் கோரிக்கைக்காக நிதிச் செயலிக்குத் தகவல் அனுப்ப வேண்டும்’, ‘இன்னாருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும்’ என்ற குறிப்புகளை ஓர் அட்டவணையில் வரிசைகளாக எழுதிவிட்டுக் கமிட் செய்துவிடுங்கள். மேலாளரின் திரைக்குப் பதில் அப்போதே போய்விடும். தனியே ஓடும் வொர்க்கர் (பின்னணி நிரல்) அந்த வரிசைகளை எடுத்து வெளியே அனுப்பட்டும். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல், பூட்டப்பட்ட வரிசைகளைத் தாண்டிச் செல்லும் ‘ஸ்கிப் லாக்டு’ வசதி இருப்பதால், நான்கு சர்வர்களிலும் வொர்க்கர் ஓடினாலும் ஒன்று எடுத்த வரிசையில் மற்றொன்று மோதாது. வொர்க்கரும் வரிசையைப் பூட்டியபடியே மின்னஞ்சல் அனுப்பினால் பழைய சிக்கல் இடம் மாறி வந்துவிடும் என்பதில் மட்டும் கவனம் தேவை. ‘இதை நான் எடுத்துக்கொண்டேன், இத்தனை மணிவரை’ என்று குறித்துக் கமிட் செய்துவிட்டு, அதன்பின் அனுப்பி, பிறகு இன்னொரு சிறு டிரான்ஸாக்‌ஷனில் முடிந்ததாகக் குறிக்க வேண்டும். அனுப்பிய பின் குறிப்பதற்குள் புராசஸ் விழுந்தால், கெடு கடந்ததும் வேறொரு வொர்க்கர் அதை மீண்டும் அனுப்பும்.

கமிட்டுக்குப் பிறகு இயங்கும் ஸ்பிரிங்கின் ஈவென்ட் லிஸனரில் மின்னஞ்சலை வைத்தால் போதும் என்று சிலர் கூறுவார்கள். அந்தக் கட்டத்தில் டிரான்ஸாக்‌ஷன் கமிட் ஆகியிருந்தாலும் இணைப்பு இன்னும் பூலுக்குத் திரும்பியிருக்காது என்பதால், தனி த்ரெட்டுக்கு மாற்றாதவரை உங்கள் சிக்கல் தீராது. மாற்றினாலும் அந்த நேரத்தில் புராசஸ் விழுந்தால் மின்னஞ்சல் தொலைந்துபோகும். அதேபோல் ‘ஓப்பன்-இன்-வியூ’ என்ற அமைப்பு ஸ்பிரிங் பூட்டில் இயல்பாக இயக்கத்தில் இருக்கும். செயலி தொடங்கும்போது லாகில் ஓர் எச்சரிக்கை வரும். அது இருக்கும்வரை டிரான்ஸாக்‌ஷன் முடிந்த பிறகும் பதில் அனுப்பி முடியும்வரை இணைப்பு கையிலேயே இருக்கக்கூடும். அணைத்தால் சில பக்கங்களில் லேஸி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் தரவை எடுப்பது) பிழைகள் வரும். அவற்றைத் திருத்திக்கொண்டே அணைக்க வேண்டும்.

அவுட்பாக்ஸ் குறைந்தது ஒரு முறை அனுப்பும் என்றுதான் உறுதி தருமே தவிர, ஒரே ஒரு முறை என்று தராது. ஒரே மின்னஞ்சல் இருமுறை வந்தால் ஒருவரும் பொருட்படுத்தமாட்டார்கள். நிதிப் பதிவு அப்படியன்று. ஆகவே ஒவ்வோர் ஒப்புதலுக்கும் மாறாத ஓர் எண்ணை உருவாக்கி, நிதி ஏபிஐக்கான ஒவ்வொரு முயற்சியிலும் அதே எண்ணை அனுப்புங்கள். ஏற்கனவே பார்த்த எண் என்றால் புதிய பதிவை உண்டாக்காமல் முந்தைய பதிலையே திருப்பித் தர வேண்டும் என்று அந்தக் குழுவினரிடம் கேளுங்கள். அவர்கள் பக்கத்தில் அந்த நெடுவரிசைக்கு யுனிக் (ஒரே மதிப்பு இருமுறை வராத) கட்டுப்பாடு இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் முடக்கிவைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பக்கத்தைப் புதுப்பித்தால் அந்தத் தடுப்பு போய்விடும்.

மறுமுயற்சிகளை ஒரே ஓர் அடுக்கில் மட்டும் வையுங்கள். வொர்க்கர் மூன்று முறை, எச்டிடிபி நூலகம் மூன்று முறை, நடுவில் உள்ள கேட்வே மூன்று முறை முயன்றால், ஏற்கனவே தள்ளாடும் நிதிச் செயலிக்கு ஒரு கோரிக்கைக்கு 27 அழைப்புகள் போகும். முயற்சிகளுக்கு இடையிலான இடைவெளி கூடிக்கொண்டே போக வேண்டும். நான்கு வொர்க்கர்களும் ஒரே நொடியில் திரும்பத் தாக்காதபடி அந்த இடைவெளியில் சிறிது தற்செயல் வேறுபாடும் இருக்க வேண்டும்.

மறுமொழி 4 (தரவுத்தள நிர்வாகி)

முந்தைய மறுமொழியுடன் முழுமையாக உடன்படுகிறேன். தரவுத்தளத்தின் பக்கமிருந்து இதே சிக்கல் எப்படித் தெரியும் என்பதை மட்டும் சேர்க்கிறேன்.

‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’ என்ற காட்சியைப் பார்த்தால், அந்த எட்டு இணைப்புகளும் ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’ என்ற நிலையில் இருந்திருக்கும். தரவுத்தளம் எந்த வேலையும் செய்யவில்லை. ஆனால் பூட்டிய வரிசைகளை விடுவிக்கவும் முடியவில்லை. அதே கோரிக்கையைத் திறக்கும் இரண்டாம் மேலாளரின் கிளிக், அந்தப் பூட்டுக்குப் பின்னால் நின்று, தானும் ஓர் இணைப்பை விழுங்கிவிடும். டம்ப்பில் மீதமிருந்த இரண்டு இணைப்புகள் எங்கே நின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். போஸ்ட்கிரெஸ் 9.6 முதல், இந்த நிலையில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நிற்கும் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பு உண்டு. செயலியைத் திருத்திய பின், இனி எவரும் இந்தத் தவறைப் புதிதாகச் சேர்த்துவிடாதபடி ஒரு காப்பாக, அதை 30 வினாடிக்கு வைத்துவிடுங்கள். திருத்துவதற்கு முன்பே வைத்தால், மின்னஞ்சல் போய்விட்ட ஒப்புதல்கள் தரவுத்தளத்தில் ரத்தாகும்.

அவுட்பாக்ஸ் அட்டவணையைச் சேர்ப்பதும், இருக்கும் அட்டவணைகளில் நெடுவரிசை சேர்ப்பதும் உங்கள் அடுத்த வேலையாக இருக்கும் என்பதால் ஓர் எச்சரிக்கை. இருக்கும் அட்டவணையை மாற்றும் பெரும்பாலான ‘ஆல்டர் டேபிள்’ கட்டளைகள் முழுத் தனிப்பூட்டு கேட்பவை. அந்த அட்டவணையைத் தொட்டபடி ஒரே ஒரு டிரான்ஸாக்‌ஷன் திறந்து கிடந்தாலும் கட்டளை காத்திருக்கும். அது காத்திருக்கும்போது, அதற்குப் பின் வரும் சாதாரண செலக்ட்களும் அதன் பின்னால் வரிசைகட்டும். ஒரு நொடியில் முடியக்கூடிய மாற்றம் செயலி முழுவதையும் நிறுத்துவது இப்படித்தான். ஆகவே மைக்ரேஷன் (தரவுத்தள அமைப்பை மாற்றும்) கோப்புகளின் தொடக்கத்தில் லாக் டைம்-அவுட்டைச் சில வினாடிகளுக்கு வையுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் மைக்ரேஷன் தோற்கட்டும். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓட்டலாம். பெரிய அட்டவணைகளில் இண்டெக்ஸ் உருவாக்கும்போது, எழுதுவதைத் தடுக்காத ‘கன்கரன்ட்லி’ வகையைப் பயன்படுத்துங்கள். அது டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓடாது என்பதால், மைக்ரேஷன் கருவியில் அந்தக் கோப்புக்கு மட்டும் டிரான்ஸாக்‌ஷனை அணைக்க வேண்டியிருக்கும். இயல்பு மதிப்புடன் நெடுவரிசை சேர்ப்பது, அந்த மதிப்பு மாறிலியாக இருந்தால், போஸ்ட்கிரெஸ் 11 முதல் அட்டவணையை முழுவதும் மாற்றி எழுதாது. உங்களுடையது அதற்கு முந்தைய பதிப்பு என்றால் எழுதும்.

நெடுவரிசையின் பெயரை மாற்றுவதை ஒரே கட்டத்தில் செய்ய வேண்டாம். நான்கு சர்வர்களில் இரண்டு புதிய நிரலிலும் இரண்டு பழைய நிரலிலும் ஓடும் நேரம் ஒவ்வொரு டிப்ளாய்மென்டிலும் (புதிய பதிப்பை ஏற்றும்போதும்) உண்டு. புதியதைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய தரவை நிரப்பி, படிப்பதை மாற்றி, அதன் பிறகே பழையதை நீக்க வேண்டும்.

மறுமொழி 5 (கட்டமைப்பு வடிவமைப்பாளர்)

மேலிடத்தின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் த்ரெட் டம்ப்பே அதற்கு விடை சொல்லிவிட்டது. சிக்கல், செயலி பெரிதாக இருப்பதில் இல்லை. இணைப்பைப் பிடித்துக்கொண்டு வரம்பில்லாமல் காத்திருப்பதில் இருக்கிறது. இன்று கோரிக்கைப் பகுதி ஒப்புதல் பகுதியை ஒரு மெத்தட் அழைப்பாக அழைக்கிறது. பிரித்தால் அது வலையமைப்பின் வழியே போகும். அதற்கும் டைம்-அவுட், மறுமுயற்சி, இருமுறை வந்தால் என்ன செய்வது என்ற கேள்விகள் எழும். இப்போது வெளியே காத்திருக்கும் இடங்கள் இரண்டுதான். ஐந்து சர்வீஸ்களாகப் பிரித்த மறுநாள் அவை பத்துக்கு மேல் ஆகியிருக்கும். இரண்டு இடங்களில் இந்த ஒழுங்கைக் கொண்டுவந்த பிறகு பிரிப்பதைப் பற்றிப் பேசலாம்.

பிரிப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வெவ்வேறு குழுக்கள் ஒன்றையொன்று எதிர்பாராமல் வெளியிட வேண்டிய தேவை அவற்றில் முதன்மையானது. உங்களுடையது ஒரே சிறு குழு; அந்தத் தேவை இல்லை. இன்னொரு காரணம், சுமையின் தன்மை வேறுபடுவது. மாத இறுதி அறிக்கைகள் நீண்ட வினவல்களை ஓட்டுகின்றன என்றால், அதே நிரலைக் கொண்ட ஐந்தாவது புராசஸ் ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தனிச் சிறு பூல் கொடுத்து, அறிக்கை முகவரிகளை மட்டும் லோட் பேலன்சரில் அங்கே திருப்புங்கள். அறிக்கைகள் நின்றாலும் ஒப்புதல்கள் நிற்கா. எதையும் புதிதாக எழுத வேண்டியதில்லை.

உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எவரும் இன்னும் பேசவில்லை. ஸ்பிரிங் பூட் 2.1 நெடுங்காலத்துக்கு முன்பே ஆதரவை இழந்துவிட்டது, 2.7 பதிப்பின் இலவச ஆதரவே 2023 நவம்பரில் முடிந்துவிட்டது. 2021 டிசம்பரில், லாக் எழுதும் ஜாவா நூலகமான லாக்4ஜே 2-இன் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, எந்தச் செயலிக்குள் எந்த நூலகம் இருக்கிறது என்றே தெரியாமல் பல நிறுவனங்கள் தவித்தன. முதல் திருத்தமான 2.15 போதவில்லை, 2.16, 2.17 என்று சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. நூலகங்களைத் தொடர்ந்து புதுப்பித்து வந்த குழுக்களுக்கு அது சில மணிநேர வேலை. பல பதிப்புகள் பின்தங்கியிருந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பெரும்பாடு. முதலில் ஜாவா 8-இலேயே 2.7-க்குப் போங்கள், அதன்பின் ஜாவாவை 17 ஆக்குங்கள், அது நிலைபெற்ற பிறகு 3-க்குப் போங்கள். ஸ்பிரிங் பூட் 3-க்கு ஜாவா 17 கட்டாயம். ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் பல பேக்கேஜ் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறுவதால் நிரலின் பல கோப்புகளைத் தொட வேண்டிவரும். மூன்றையும் ஒரே தாவலில் செய்தால், எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. செயலியை ஐந்தாகப் பிரித்துவிட்டால் இந்தப் பயணத்தை ஐந்து முறை செய்ய வேண்டும்.

ஒரு சர்வரில் மட்டும் இருந்த அந்த 5 வினாடி அமைப்பை நற்செய்தியாகப் பார்க்க வேண்டாம். நான்கு சர்வர்களும் ஒன்றுபோல இருக்கின்றன என்ற நம்பிக்கையில்தான் லோட் பேலன்சரும் நீங்களும் இயங்குகிறீர்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில், எட்டுச் சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய நிரல் உயிர்பெற்று ஆர்டர்களை அனுப்பத் தொடங்கி, சுமார் 45 நிமிடங்களில் 40 கோடி டாலருக்கும் மேல் இழப்பை உண்டாக்கியது. உங்கள் செயலிக்கு அத்தகைய ஆபத்து இல்லாவிட்டாலும் காரணம் ஒன்றேதான். அமைப்புக் கோப்புகளைக் களஞ்சியத்துக்குள் கொண்டுவாருங்கள். டிப்ளாய்மென்ட் கருவி மட்டுமே அவற்றைச் சர்வரில் எழுதட்டும். கையால் திருத்துவதற்கான அனுமதியை நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு சர்வரும் தொடங்கும்போது தன் பதிப்பு எண்ணையும் டைம்-அவுட், பூல் அளவு ஆகியவற்றையும் லாகில் ஒரு வரியாக எழுதினால், வேறுபாடு உடனே கண்ணில் படும்.

கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தரவுத்தள நிர்வாகி கூறியபடி பார்த்தோம். மீதமிருந்த இரண்டு இணைப்புகளும் வரிசைப் பூட்டுக்காகவே காத்திருந்தன. டைம்-அவுட்களையும் ஹெல்த் செக்கையும் நான்கு சர்வர்களிலும் களஞ்சியம் வழியாக மாற்றிவிட்டோம். அவுட்பாக்ஸ் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். நிதிக் குழுவினர் ஒப்புதல் எண்ணை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். அடுத்த மாத இறுதிக்குள், உறைவதற்கு முன்பே எங்களுக்கு எச்சரிக்கை வர வேண்டும். எந்த அளவுகளைக் கண்காணிப்பது?

மறுமொழி 6 (பின்தள நிரலர்)

சிபியு, நினைவகம் ஆகியவற்றின்மீது எச்சரிக்கை வைத்தால் இந்த வகைச் சிக்கலில் அவை கடைசிவரை மௌனமாகவே இருக்கும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஹிகாரி வெளியிடும் அளவுகளில், இணைப்புக்காக வரிசையில் நிற்கும் த்ரெட்களின் எண்ணிக்கை எல்லாவற்றிலும் முதன்மையானது. அது பூஜ்யத்துக்கு மேல் தொடர்ந்து ஒரு நிமிடம் நின்றால் உங்களுக்கு அழைப்பு வரட்டும். இணைப்பு பயன்பாட்டில் இருக்கும் நேரத்தையும் பாருங்கள். சராசரியைப் பார்க்காமல், மிக மெதுவான நூறில் ஒரு பங்கைப் பாருங்கள். ஹிகாரியின் லீக் (பூலுக்குத் திரும்பாத இணைப்பு) கண்டறிதல் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். 10 வினாடிக்கு இயக்கிவிட்டால், அதற்கு மேல் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் இடத்தின் ஸ்டாக்கை அதுவே லாகில் எழுதிவிடும்.

அவுட்பாக்ஸ் தொடங்கியதும், அனுப்பப்படாமல் இருக்கும் மிகப் பழைய வரிசையின் வயதைக் கண்காணியுங்கள். வரிசைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் மாத இறுதியில் தேவையற்ற எச்சரிக்கைகள் வரும். வயது மட்டும் நீண்டுகொண்டே போனால்தான் வொர்க்கர் நின்றுவிட்டது என்று பொருள். மின்னஞ்சலுக்கும் நிதித் தகவலுக்கும் வெவ்வேறு வரம்புகளை வையுங்கள்: மின்னஞ்சல் அரை மணிநேரம் தாமதித்தால் பொறுக்கலாம், நிதித் தகவலுக்கு எவ்வளவு பொறுக்கலாம் என்பதை அந்தக் குழுவினரிடமே கேட்டு முடிவுசெய்யுங்கள்.